ஊருக்கு உபதேசம்: அந்நியர் ஆலோசனையும் அருகிருந்து கேட்போரும்

கேள்வி

வீட்டிலே வயது முதிர்ந்த தகப்பனாரும், தெருமுனையில் பல காலம் பழகிய வைத்தியரும், அலுவலகத்தில் அநுபவமிக்க சகாக்களும் இருக்க, அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, முகமும் ஊரும் பெயரும் தெரியாத எவரோ ஒருவரிடம், நள்ளிரவில் கைபேசித் திரையின் வெளிச்சத்தில், குழந்தையின் காய்ச்சலைப் பற்றியோ, மனைவியோடு மூண்ட மனஸ்தாபத்தைப் பற்றியோ, வாங்கப்போகும் மனையின் வில்லங்கத்தைப் பற்றியோ ஒரு மனிதன் யோசனை கேட்கிறான். கேட்ட மாத்திரத்தில், அவனிடமிருந்து ஒரு காசும் எதிர்பாராத பத்துப் பேர், அவன் கேட்டதற்கும் கேளாததற்கும் சேர்த்துப் பதில் சொல்லுகிறார்கள். இக்காட்சி இன்று மிகவும் சகஜமாகிவிட்டபடியால் இதிலுள்ள விசித்திரம் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இதைக் குறித்து நம்மவர் கூறும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இரண்டே வகையின: ஊர் பேர் தெரியாதவன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போகாதே என்று எச்சரிப்பது ஒன்று, உலகமே ஒரு குடும்பமாகிவிட்டது என்று உவகை கொள்வது மற்றொன்று. இரண்டும் விஷயத்தின் உள்ளே நுழையாமல் வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றன. முன்பின் அறியாதார் கூறும் ஆலோசனைக்கு மதிப்பு என்று ஒன்று உண்டாயின் அது எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. சொல்பவரின் கல்வியிலிருந்து வருகிறது என்று கூற வழியில்லை. அவர் என்ன கற்றார் என்பது நமக்குத் தெரியாது. அவருடைய ஒழுக்கத்திலிருந்து வருகிறது என்று கூறவும் வழியில்லை; அதுவும் தெரியாது. இரண்டும் தெரியாத நிலையிலும் அவ்வாலோசனை பலமுறை பயன்படுகிறது என்பது பிரத்தியட்சம். ஆகவே காரணம் வேறெங்கோ இருத்தல் வேண்டும்.

முன்னோர் கூறிய மூன்று விளக்கங்கள்

இக்கேள்வியை நேராக எடுத்துக்கொள்ளாவிடினும், இதற்கு விடையாகக் கொள்ளத்தக்க மூன்று கருத்துகள் சமூகவியலில் வழங்கிவருகின்றன. முதலாவது, ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஸிம்மெல் 1908-இல் வெளியிட்ட நூலில் அந்நியனைப் பற்றி எழுதிய சில பக்கங்களில் காணப்படுவது. ஊரில் வேர் கொள்ளாதவனுக்கு ஊரின் கட்சிகளில் பங்கில்லை. ஆகையால் அவன் பார்வை நடுநிலையானது. அதனாலேயே, நெருங்கிய சுற்றத்தாரிடமும் சொல்லத் துணியாத அந்தரங்கங்களை ஜனங்கள் அவனிடம் சொல்லுகிறார்கள் என்பது அவர் கருத்து. பழைய இத்தாலிய நகரங்கள் உள்ளூர்க் குடும்பப் பகைகளிலிருந்து நீதியைக் காப்பதற்காக வெளியூரிலிருந்து நீதிபதிகளை வரவழைத்ததை அவர் உதாரணம் காட்டுகிறார். கூர்மையான கருத்துத்தான். ஆனால் ஸிம்மெலின் அந்நியன் இன்று வந்து நாளை போகிறவன் அல்லன், இன்று வந்து நாளையும் தங்குகிறவன் என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த நீதிபதி ஊரின் நடுவே உட்கார்ந்திருந்தான். அவன் தீர்ப்பை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் தோன்றும் அந்நியனோ வரவுமில்லை, தங்கவுமில்லை.

இரண்டாவது, அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட பிரசித்தமான கட்டுரையின் கருத்து. மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை தேடிக்கொண்டவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திப்பவர் வாயிலாக வேலை பெற்றவர் 16.7 சதவீதமும், எப்போதாவது சந்திப்பவர் வாயிலாகப் பெற்றவர் 55.6 சதவீதமும், அரிதாகவே சந்திப்பவர் வாயிலாகப் பெற்றவர் 27.8 சதவீதமும் ஆக இருந்தனர். நமக்கு நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம். தூரத்துப் பழக்கமே புதுச் செய்தியைக் கொணரும் என்பது இதன் தாத்பரியம். இதுவும் மெய்யே. எனினும் தூரத்துப் பழக்கமும் பழக்கந்தான். அன்றியும், செய்தி புதியது என்பதனாலேயே அது சரியானது என்று ஆகிவிடாது.

மூன்றாவது, பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் இரத்ததானத்தைப் பற்றி எழுதிய நூலிலிருந்து எடுக்கத்தக்கது. பணத்துக்கு இரத்தம் விற்பவன் தன் நோயை மறைக்கக் காரணம் உண்டு. யாரென்று அறியாத ஒருவனுக்கு இலவசமாக ஈபவனுக்கு அக்காரணம் இல்லை. ஆதலின் தானமாகப் பெற்ற இரத்தமே பழுது குறைந்தது என்று அவர் வாதித்தார். கூலி பெறாத ஆலோசகனையும் இவ்வாறே நம்பலாம் என்று தோன்றும். ஆனால் பொய் சொல்லக் காரணமில்லாதவன் மெய்யே சொல்லுவான் என்பதற்கில்லை. நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்லுபவன் என்று ஒரு ஜாதி உண்டு, அந்த ஜாதியின் ஜனத்தொகை கொஞ்சநஞ்சமன்று.

இம்மூன்று விளக்கங்களுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. கேட்பவன் ஒருவன், சொல்பவன் ஒருவன் என்று இருவரை மட்டுமே அவை காண்கின்றன. உண்மையில் அந்நியர்களிடையே நிகழும் ஆலோசனை இருவருக்கு இடைப்பட்டதன்று. அதை அருகிருந்து, வாய் திறவாமல், கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. 'ஊருக்கு உபதேசம்' என்று நம்மவர், தான் கடைப்பிடியாததைப் பிறர்க்குச் சொல்லுபவனை எள்ளுவார்கள். அத்தொடரை எள்ளலின்றி நேர்ப்பொருளிலேயே கொண்டால், நம் கேள்விக்கு விடை அதில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அந்நியனுக்குச் சொல்லும் உபதேசம் அவனுக்காகச் சொல்லப்படுவதன்று, ஊருக்காகச் சொல்லப்படுவது. அதன் மதிப்பும் கேடும் ஊரிலிருந்தே வருகின்றன.

1691: ஒரு காப்பிக் கடை முகவரி

இதைத் தெளிவாகக் காண்பதற்கு மின்சாரமும் திரையும் இல்லாத ஒரு காலத்துக்குப் போவது நலம். லண்டன் மாநகரில் ஜான் டண்டன் என்னும் புத்தக வியாபாரி, தம் வாழ்க்கையைப் பற்றி 1705-இல் வெளியிட்ட நூலில், தமக்கு ஒருவர் இழைத்த பெருந்தீங்கு ஒன்று தம் மனத்தை ஓயாமல் அரித்துக்கொண்டிருந்ததாகவும், ஒரு பாதிரியாரை அணுகி யோசனை கேட்க விரும்பியதாகவும், ஆனால் தம்மையும் தீங்கு இழைத்தவரையும் மறைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்பதே பெருஞ்சிக்கலாக இருந்ததாகவும், அந்நிலையில் செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில் நண்பர் இருவரோடு நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்று, ஐம்பது கினி கொடுத்தாலும் விட்டுத்தராத எண்ணம் ஒன்று தமக்கு உதித்துவிட்டது என்று கூறியதாகவும் எழுதியிருக்கிறார். அவ்வெண்ணமே 1691 மார்ச் மாதம் 17-ஆம் தேதி தொடங்கி 1697 வரை வெளிவந்த 'அதீனியன் மெர்க்குரி' என்ற பத்திரிகை. ஒற்றைத் தாள், இருபுறமும் அச்சு, வாரம் இருமுறை. எவரும் எக்கேள்வியையும் பெயரிடாமல் எழுதி, ஸ்டாக்ஸ் மார்க்கெட்டில் ஸ்மித் என்பவரின் காப்பிக் கடைக்குத் தபாலில் அனுப்பினால், காசின்றி விடை கிடைக்கும். 1680-இல் வில்லியம் டாக்ரா என்பவர் லண்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் கொண்டுசேர்க்கும் தபாலை நிறுவியிராவிட்டால் இது நடந்திராது. அந்நியர் ஆலோசனை எக்காலத்திலும் தபாற்கூலியின் மலிவைப் பொறுத்தது போலும்.

விடை கூறுவோர் யார்? மகா பண்டிதர்கள் கூடிய 'அதீனியன் சபை' என்று பத்திரிகை பிரகடனம் செய்தது. மெய்யில், 1691 ஏப்ரல் 10-ஆம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மூவரே: டண்டன், கணித ஆசிரியரான ரிச்சர்ட் ஸால்ட், கிராமத்துப் பாதிரியாரும் டண்டனுக்குச் சகலையுமான சாமுவேல் வெஸ்லி. (பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லியின் தகப்பனார் இவரே.) தத்துவ அறிஞர் ஜான் நாரிஸ் இடையிடையே உதவினார். அணைந்த நெருப்பு எங்கே போகிறது என்பது முதல், பெண்கள் கல்வி கற்பது தகுமா என்பது வரை, விவிலியம், வைத்தியம், காதல், கலியாணம், வானம், பேய், கடன் எனக் கேள்விகள் குவிந்தன; தேடி வந்த பெண் வாசகர்களுக்கென்றே மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமை ஒதுக்கப்பட்டது. கையெழுத்திட்ட மூவரில் வைத்தியர் ஒருவரும் இல்லை என்பதை வைத்தியக் கேள்வி அனுப்பியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இளைஞரான ஜோனதன் ஸ்விஃப்ட் அச்சபையை மெய்யென்று நம்பி அதன்மேல் ஒரு நீண்ட துதிப்பாடல் எழுதியனுப்ப, 1692-இல் அது அச்சேறியது. பிற்காலத்தில் ஆங்கில இலக்கியத்திலேயே ஏமாறுதற்கு மிக அரியவர் என்று பேரெடுத்தவரின் கன்னிக் கவிதை இப்படி ஒரு கற்பனைச் சபைக்குக் காணிக்கையாயிற்று.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கேட்பவர், சொல்பவர் இருவரும் முகமூடி அணிந்திருக்க, மறைவின்றி இருந்தவர் வாசகர் ஒருவரே. முப்பது இதழ்கள் சேர்ந்ததும் அவை தொகுதியாகக் கட்டப்பட்டு மறுபடி விற்கப்பட்டன. 1703-ஆம் ஆண்டு முதல் தெரிந்தெடுத்த வினா-விடைகள் 'அதீனியன் ஆரக்கிள்' என்ற பெயரில் பெரும்புத்தகங்களாகவே வந்தன. அதற்குள் கேட்டவர்களுடைய காதல் கைகூடியிருக்கும், அல்லது முறிந்திருக்கும். கடன் தீர்ந்திருக்கும், அல்லது கடன்காரர் சிறைக்குப் போயிருப்பார். கேட்டவருக்கு இனி ஒரு பயனும் இல்லாத விடைகளை மற்றவர் காசு கொடுத்து வாங்கினார்கள். அக்கேள்விகளில் எத்தனை மெய்யானவை, எத்தனை பத்திரிகைக்காரர் தாமே புனைந்தவை என்ற சந்தேகம் இத்தகைய பகுதிகளை வாசிக்கும் எவருக்கும் எழத்தான் செய்யும். ஆனால் சிந்தித்துப் பார்த்தால், கேள்வி புனைவாயினும் அயலாருக்குக் கிட்டும் பயன் அணுவளவும் குறைவதில்லை. கேட்டவர் ஒருவர் இல்லாமலே இவ்வேற்பாடு நடக்கும், வாசகர் இல்லாமல் நடவாது.

இரண்டாவது, அவ்வாசகர் கூட்டம் வாளாவிருக்கவில்லை. 1692-லேயே டாம் பிரவுன் என்னும் கிண்டற்கார எழுத்தாளர் போட்டிப் பத்திரிகை ஒன்று தொடங்கி அதீனியர்களின் விடைகளைப் பிய்த்தெறிந்தார். மறு ஆண்டில் எல்கனா ஸெட்டில் அச்சபையைப் பரிகசித்து நாடகமே எழுதினார். இப்படிப் பரிகசிக்கப்படுவோம் என்ற அச்சந்தான் அதீனியர்களைப் புத்தகங்களைத் தேடவும், காரணங்களை எடுத்துரைக்கவும் செய்தது என்று கொள்வதில் தவறில்லை. தனியறையில் ஒரு பாதிரியார் தவறாகச் சொன்னால் திருத்துவார் இல்லை. காப்பிக் கடையில் உரக்க வாசிக்கப்படும் தாளில் தவறு சொன்னால் அடுத்த மேஜையிலேயே சிரிப்புக் கேட்கும்.

நம்மவர் பத்திரிகைகள்

வாரப் பத்திரிகை கையில் வந்தவுடன் கேள்வி-பதில் பக்கத்தை முதலில் புரட்டும் வழக்கமுள்ள என் போன்றோருக்கு இவையெல்லாம் கேட்ட கதை போலவே தோன்றும். 1947-இல் தொடங்கிய 'குமுதம்' இதழில் பதில் கூறிய 'அரசு' ஓர் ஆளே அல்லர். அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் ஆகிய மூவரின் முதலெழுத்துச் சேர்க்கை என்பது வாசகர் பலரும் அறிந்த விளக்கம். லண்டனிலும் மூவர், சென்னையிலும் மூவர். அங்கே அவர்கள் ஒரு சபையாகப் பெருகினார்கள், இங்கே ஒரு மனிதராகச் சுருங்கினார்கள். இதற்கு நேர்மாறாக, ஜூனியர் விகடனில் 'ஏன், எதற்கு, எப்படி' என்ற தலைப்பில் விஞ்ஞானக் கேள்விகளுக்கு விடையளித்த சுஜாதா தம் பெயரையே பிணையாக வைத்தார். ஆனாலும் இரண்டு பகுதிகளையும் வாசித்த லட்சக்கணக்கானோர் தம் வாழ்நாளில் ஒரு கேள்வியும் எழுதி அனுப்பியவர்கள் அல்லர்.

திரையின் காலம்

1979-இல் அமெரிக்க மாணவர் டாம் டிரஸ்கட்டும் ஜிம் எல்லிஸும் சிந்தித்து, மறு ஆண்டில் இயங்கத் தொடங்கிய 'யூஸ்நெட்' என்னும் கணினி வலையில் இதே நாடகம் மறுபடி அரங்கேறியது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் புது மாணவர் சேர்ந்து, கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பழையவர்கள் பொறுமையிழந்து, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு விடைத்தொகுப்பு எழுதிவைத்து, முதலில் அதைப் படி என்பார்கள். 1993-க்குப் பின் வியாபார நிறுவனங்கள் பொதுஜனங்களுக்கு வாயிலைத் திறந்துவிட, அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று அவர்கள் இன்றும் புலம்புவதுண்டு.

அந்நியர் உதவிக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை ஹோவர்ட் ரைங்கோல்டு 1993-இல் எழுதிய நூலில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு ஓர் இரவு பதினொரு மணிக்கு, இரண்டு வயது மகளின் தலையில் இரத்தம் உறிஞ்சிக்கொண்டிருந்த உண்ணியை எவ்வாறு எடுப்பது என்று தெரியாமல், மனைவி குழந்தை வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்க, இவர் 'வெல்' என்னும் கணினிக் குழுவில் கேட்டார். சில நிமிஷங்களில் விடை வந்தது. வைத்தியரிடமிருந்து மறுமொழி வருவதற்குள் உண்ணி எடுக்கப்பட்டுவிட்டது. கதை அழகானது. ஆனால் அது நிரூபிப்பதாகச் சொல்லப்படுவதை அது நிரூபிக்கவில்லை என்பது என் துணிபு. 1985-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் தோன்றிய அக்குழுவில் ஒவ்வொருவரும் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பு என்பது விதி. உறுப்பினர் யார் என்பது மறைவன்று. விடை கூறியவரும் ஒரு வைத்தியரே. அது அந்நியர் கூட்டமன்று, திண்ணை. சற்று நீளமான திண்ணை.

உண்மையான அந்நியர்களை வைத்து நடத்திய பெரிய பரீட்சை, கணினி நிரல் எழுதுவோருக்காக ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும் 2008-இல் தொடங்கிய 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ'. ஒருவர் அளித்த விடையை வாசகர் ஒருவர் ஆமோதித்தால் அவருக்குப் பத்துப் புள்ளி. கேட்டவர் அதையே ஏற்றுக்கொண்டால் பதினைந்து. அறிமுகமில்லாதாரிடையே அறிமுகத்துக்குப் பதிலாக எண்ணால் செய்த பிரதி அது. ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி மறுபடி வந்தால் அது மூடப்படும். புதிதாக வந்தவர்களுக்கு இது பெருங்கொடுமையாகப்பட்டது. உதவி கேட்டு வந்தவனைக் கதவடைத்து அனுப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்து, இந்த இடம் வருவோரை வரவேற்பதாக இல்லை என்று 2018-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அப்பிணக்கின் வேர் எங்கே? வந்தவன் தனக்கு உதவி செய்யவே இவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தான்; கூடியிருந்தவர்களோ அவன் கேள்வியை ஒரு சாக்காக மட்டுமே கொண்டு, இனி வரப்போகும் ஆயிரம் பேருக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். டண்டனின் தொகுதிகளில் ஓசையின்றி நிகழ்ந்த அதுவே இங்கே சண்டையாக வெளிப்பட்டது.

கேட்போர் கூட்டமே பிழைபட்டால்

அருகிருந்து கேட்போரே உத்தரவாதம் என்று கூறியதனால், அவ்வுத்தரவாதம் எத்தனை உறுதியானது என்பதையும் ஆராய்தல் கடன். கூட்டத்தின் அறிவுக்கு வழக்கமாகக் காட்டும் சான்று, பிரான்ஸிஸ் கால்டன் 1907-இல் வெளியிட்டது. பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதின் எடையை ஊகிக்கும் போட்டியில் 787 சீட்டுகளை அவர் ஆராய்ந்தபோது, நடுவில் நின்ற ஊகம் 1207 பவுண்டு. மெய்யான எடை 1198. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் பிறர் சீட்டைப் பாராமல் எழுதினார்கள். ஆறு பென்ஸ் கட்டணமும் செலுத்தினார்கள். அக்கட்டணம் விளையாட்டுக்கு எழுதுவோரைத் தடுத்தது என்று கால்டனே குறிப்பிடுகிறார். திரையில் இவ்விரு நிபந்தனைகளும் இல்லை: கட்டணமில்லை, பிறர் சீட்டோ முதலிலேயே கண்ணுக்குப் படுகிறது.

இதன் விளைவை அளந்த பரீட்சையும் உண்டு. 2013-இல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு செய்தித் தளத்தில் வாசகர் எழுதிய 1,01,281 அபிப்பிராயங்களில் சிலவற்றுக்கு, அவற்றின் குணதோஷத்தைப் பாராமலே, தொடக்கத்தில் ஒரே ஓர் ஆமோதிப்பைப் போட்டுவைத்தார்கள். அவ்வொன்றின் பலத்தால் அவை இறுதியில் பெற்ற மதிப்பீடு சராசரி 25 சதவீதம் உயர்ந்தது. வியப்பு இதனோடு நிற்கவில்லை. வேறு சிலவற்றுக்கு ஒரு நிராகரிப்பைப் போட்டபோது, பின்வந்த வாசகர்கள் அந்த அநியாயத்தைத் தாமே திருத்திவிட்டார்கள்! ஆக, கூட்டம் அநியாயமான இகழ்ச்சியைத் துடைக்கிறது. அநியாயமான புகழ்ச்சியையோ பெருக்குகிறது. நல்ல மனம் படைத்த கூட்டந்தான், ஆனால் நம்பத்தகுந்த நீதிபதியன்று. அரசியல், சமூகம் முதலிய துறைகளில் இப்பெருக்கம் ஓங்கி, தகவல் தொழில்நுட்பத்தில் ஒடுங்கி இருந்தது என்பதும் கருதத்தக்கது. நிரல் ஓடுகிறதா, இல்லையா என்பதை வாசகன் அப்பொழுதே ஓட்டிப் பார்த்துவிடலாம். மனைவியைப் பிரிவதா, கூடுவதா என்பதற்கு அத்தகைய உரைகல் இல்லை. பிறர் குடும்ப விவகாரங்களில் அந்நியர் கூட்டம் கூறும் தீர்ப்புகள் அவ்வளவு நிச்சயத்தொனியோடு ஒலிப்பதற்குக் காரணம், அவை என்றைக்கும் பரிசோதிக்கப்படாமையே என்று நான் ஐயுறுகிறேன்.

இதன் உச்சத்தை 2013 ஏப்ரலில் பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் கண்டோம். 'ரெடிட்' தளத்தில் கூடிய அந்நியர்கள், புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஒருவர் ஊகத்தை மற்றவர் ஆமோதித்து, சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள். பின்னர் நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அங்கே கேட்போர் கூட்டம் என்று ஒன்று தனியே இருக்கவில்லை. எல்லோருமே சொல்வோர் ஆகிவிட்டார்கள்.

கேட்பாரில்லாத ஆலோசனை

2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிர்வாகத்தினர், அப்போதுதான் வெளிவந்திருந்த 'சாட்ஜிபிடி' என்னும் இயந்திரம் எழுதிய விடைகளைத் தங்கள் தளத்தில் இடக்கூடாது என்று தடை விதித்தார்கள். அவ்விடைகள் பார்வைக்குச் சரியாகத் தோன்றின, ஆனால் மெய்யாகச் சரியானவை குறைவு. மேலும் அவை வந்து குவிந்த வேகத்துக்கு, வாசித்துச் சோதிக்கும் தன்னார்வலர்கள் ஈடுகொடுக்க இயலவில்லை என்று காரணம் கூறினார்கள். இக்காரணத்தை ஊன்றி நோக்கினால், அத்தனை ஆண்டுகளாக அங்கே அரிதாக இருந்தது விடையன்று, அவ்விடையைக் கூர்ந்து வாசிக்கும் அயலானுடைய கவனமே என்பது விளங்கும். இன்றோ அவ்வியந்திரத்திடம் தளத்துக்குப் போகாமலே கேட்டுக்கொள்ளலாம். செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில் டண்டன் விரும்பியது, தம்மை மறைத்துக்கொண்டு ஒருவரிடம் யோசனை கேட்பதே. அதற்கு விலையாக அவர் ஒரு நகரத்தையே அருகில் உட்கார்த்திக் கேட்க வைக்க நேர்ந்தது. இன்றைய மனிதனுக்கு அந்தச் செலவு இல்லை. நள்ளிரவில் தன் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி அவன் கேட்கிறான். அவனுக்கென்றே தனியாக, தங்குதடையின்றி, நயமான நடையில் பதில் வருகிறது. அது பிழையாயின், மறுநாட்காலை காப்பிக் கடையில் அதை உரக்க வாசித்துச் சிரிப்பதற்கு டாம் பிரவுன் ஒருவரும் அங்கே இல்லை.